பொழுதோடு சாப்பிடுகிறவர்கள்

பௌர்ணமி அன்று பெட்டியோடு திருவண்ணாமலைக்குள் வரக் கூடாது என்பது இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான். ஆனால் ஜெர்மனியில் இத்தனை வருடம் நிலாவைப் பார்க்காமல் வாழ்ந்து பழகியதில், கிளம்பும்போது அது நினைவுக்கே வரவில்லை. பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து ஏறிய ஆட்டோவும் பாதி வழியில் நின்றது.

“இதுக்கு மேல வண்டி போவாதும்மா. போலீஸ் கட்டை போட்டுட்டாங்க. நடந்து போயிடுங்க, பக்கந்தான்” என்றார் ஆட்டோக்காரர்.

பக்கந்தான் என்று சொல்லாத ஆட்டோக்காரரை நான் பார்த்ததில்லை. இறங்கினேன். மலையைச் சுற்றி முடித்துக் கோயிலுக்குத் திரும்பும் கூட்டம் ஒரு பக்கம் போகிறது. அண்ணன் வீடு எதிர்ப்பக்கம். வெறுங்காலோடு வருகிறவர்களுக்கு நடுவே சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு எதிர்த்திசையில் போகிறவளை யார் விடுவார்கள்?

“யம்மா, எதிர்ல வராதம்மா! மலைய சுத்திட்டு வர்றவங்க கால் மேல பெட்டிய ஏத்தறியே!” என்று ஓர் அம்மாள் கத்தினார். கத்திய கையோடு, “எங்கிருந்து வர்றே? சாப்டியா?” என்று கேட்டு, தன் கையிலிருந்த புளிசாதத் தொன்னையை என்னிடம் நீட்டினார். பெட்டியின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டேன். நான் இருக்கும் ஊரில் முன்பின் தெரியாதவர் சாப்பாடு நீட்டினால் போலீஸைக் கூப்பிடலாமா என்று யோசிப்பார்கள். திட்டும் சோறும் ஒரே கையால் கிடைப்பது இங்கேதான்.

தேரடிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தின் முனையில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். சாந்தகுமார் அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவர். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்மா அண்ணி போய்ச் சேர்ந்த பிறகு மூன்று வருடமாகத் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்.

“ஏன் சந்திரா, பௌர்ணமிகூடவா மறந்துபோச்சு?” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்கு மறதி என்று பார்த்துவிட்டுப் போகத்தான் நான் வந்திருக்கிறேன்.

என் அண்ணன் மகள் சுஜாதா பெங்களூரில் இருக்கிறாள். போன மாதம் போன் செய்தாள். “அத்தை, அப்பாவுக்குத் திடீர்னு வயசாயிடுச்சு. காலைல போன் பண்ணா என் பேரே அவருக்கு வர மாட்டேங்குது. அடுப்ப அணைக்க மறந்துட்டு அப்படியே உக்காந்திருக்காரு. இங்க கூட்டிட்டு வந்துடறேன்னா ஒத்துக்க மாட்டேங்கறாரு. நீங்க ஒரு தடவ வந்து பாருங்க. வயசாவறதுதானே உங்க படிப்பு? நீங்க சொன்னா கேப்பாரு.” இந்த வாரக் கடைசியில் அவள் காரோடு வருகிறாள். நான் சரி என்றால் அண்ணன் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவளுடைய பதினான்காவது மாடிக்குப் போக வேண்டும். பிறந்ததிலிருந்து மலையைப் பார்த்தபடி பல் துலக்கிய மனிதர்.

வயசாவது என் படிப்புதான். உடம்பு எப்படி மூப்படைகிறது, அந்த மூப்பிலும் நோயில்லாமல் நடமாடும் காலத்தை எப்படிக் கூட்டலாம் என்று பார்க்கிற ஆய்வுக்கூடம் எங்களுடையது. அதில் என் பங்கு சுண்டெலிகள். ஒரே அளவு தீனியை ஒரு கூட்டத்துக்கு எந்நேரமும் கிடைக்கும்படி வைப்போம். இன்னொரு கூட்டத்துக்குக் குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டும் வைப்போம். நேரம் பார்த்துத் தின்பவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. ஈரலுக்கும் குடலுக்கும் தனித்தனியாகக் கடிகாரம் உண்டு, அதற்கு ஓய்வு கொடுத்தால் உடம்பு தன்னைப் பழுது பார்த்துக்கொள்கிறது என்பது இப்போதைக்கு எங்கள் கணிப்பு.

இதை முதன்முதலில் அண்ணனிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “கடைசில அந்த எலிங்கள என்ன பண்ணுவீங்க?” சமண வீட்டுக் கேள்வி. நாங்கள் ஆயுள் அளப்பவர்கள், பெரும்பாலும் அவை தாமாகச் சாகும் வரை காத்திருப்பதுதான் எங்கள் வேலை என்றேன். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் நான் அந்தப் பிரிவுக்கு மாறினேன் என்பதைச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

நாங்கள் தமிழ் நயினார்கள்; தமிழ்ச் சமணர்களை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். காலம் காலமாக இந்த மாவட்டத்தில் நிலம் உழுகிறவர்கள். விளக்கு வைத்த பிறகு சாப்பிட மாட்டோம். இருட்டில் கண்ணுக்குத் தெரியாத உயிர் எதுவும் நம் வாயில் போய்விடக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம். அதே வழக்கத்தை இப்போது விஞ்ஞானம் வேறு வாசல் வழியாக வந்து எட்டிப் பார்க்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பொழுதோடு சாப்பிடுகிறவர்கள் ஒரு சில ஊர்களில் மொத்தமாக இருந்தால் அவர்களிடம் ரத்தம் எடுத்துப் பார்க்கலாமே என்று எங்கள் கூடத்தில் பேச்சு வந்தது. போய்ப் பேசிப் பார்த்துவிட்டு வா என்றார்கள். இப்படி ஆபீஸ் வேலையும் அண்ணன் வேலையும் ஒரே பயணத்தில் சேர்ந்துகொண்டன.

அன்று சாயங்காலம் அஞ்சரைக்கு அண்ணன் தட்டுப் போட்டார். பாசிப்பருப்புக் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், ரசம். வெங்காயம் பூண்டு கிடையாது. அண்ணி வைக்கும் அதே ரசம். ஒரு வாய் வைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகு ஜாஸ்தி என்று சொல்லிச் சமாளித்தேன்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இந்த அஞ்சரை மணிக்கு வீட்டில் தினமும் ஒரு வழக்கு நடக்கும். ஊர் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. அதனால் சூரியன் அஸ்தமிப்பதற்கு வெகு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். அப்பா மொட்டை மாடியில் நின்று, “மலை மறைச்சாச்சு, இனி சாப்பாடு இல்ல” என்று அறிவிப்பார். அம்மா வந்தவாசிப் பக்கத்துச் சமவெளிக்காரி. “மலை மறைச்சா பொழுது போயிடுமா? காலண்டர்ல போட்டிருக்கிற மணிதான் கணக்கு” என்பார். தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் நாங்கள் அம்மா கட்சி. ஒரு நாளாவது அப்பா கட்சி ஜெயித்து நாங்கள் பட்டினி கிடந்ததாக நினைவில்லை.

தீபத்தன்றுதான் கஷ்டம். மலை மேல் தீபம் ஏற்றிய பிறகு பக்கத்து வீடுகளிலிருந்து பொரி உருண்டை வரும். ஊரே கடித்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் உருண்டையைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டு நிற்போம். விடிந்த பிறகுதான் தின்னலாம். ஒரு வருடம் அண்ணன் தன் உருண்டையை ஜன்னலில் வைத்துத் தூங்க, காலையில் எறும்பு மொய்த்திருந்தது. எறும்பைத் தட்டினால் செத்துவிடுமே என்று உருண்டையை அப்படியே விட்டுவிட்டு, எனக்குக் கேட்கக் கூடாதென்று சத்தமில்லாமல் அழுதார். என் உருண்டையில் பாதி கொடுத்தேன். அந்தப் பாதியின் ருசியை இன்னும் யாரும் எனக்குத் திருப்பித் தரவில்லை.

ஜெர்மனிக்குப் போன முதல் குளிர்காலத்தில் நான் இந்த வழக்கத்தை விட்டேன். அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். கோடையிலோ பத்து மணி வரை வெயில் அடிக்கும். அண்ணனுக்கு போனில் சொன்னபோது, “அங்க சூரியனே ஒழுங்கா இல்லன்னா நீ என்ன பண்ணுவே?” என்று என்னை விட்டுவிட்டார். தன்னை விடவில்லை.

சாப்பிட்டதும் பயணக் களைப்பில் அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிட்டேன்.

விடிந்து பார்த்தபோது அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தார். பார்வை என் மேல்தான் இருந்தது, ஆனால் என் பெயர் வருவதற்கு நேரமாயிற்று.

“காலைல எழுந்தா ஒரு மாதிரி மப்பா இருக்கும். தலை வலிக்கும். வயசாச்சு இல்ல, அப்படித்தான்” என்றார். எழுந்து குளியலறைக்குப் போனபோது சுவரைத் தொட்டுத் தொட்டுப் போனார். என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? நடையின் வேகம், கைப்பிடியின் பலம், எழுந்திருக்க எடுத்துக்கொள்ளும் நேரம் என்று எங்கள் ஆய்வில் மூப்பை அளக்கிற எல்லாவற்றையும் மனசுக்குள் அளந்தேன். எல்லாமே கம்மி. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆனதும் பழைய அண்ணனாகிப் பேப்பரை வரி விடாமல் படித்து அரசியல்வாதிகளைத் திட்டினார். ஆனாலும் எனக்குள் பயம் புகுந்துவிட்டது. சுஜாதா சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அந்தப் பயத்தோடேயே கீழ்பென்னாத்தூர் தாண்டி இருக்கும் எங்கள் ஆட்களின் ஊருக்குப் போனேன். அங்கே சமணக் கோயிலான ஜினாலயத்தை ஒட்டிய கூடத்தில் ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்திருந்தார்கள். வேர்க்கடலை பிடுங்கும் சமயம். பாதிப் பேர் மண் கையோடு வந்திருந்தார்கள். நான் எலிகளிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

பார்சுவநாதன் என்ற விவசாயி முதலில் பேசினார். “இப்ப யாரும்மா பொழுதோட சாப்பிடறாங்க? பசங்க கம்பெனி வண்டில எட்டு மணிக்குத்தான் வந்து இறங்கறாங்க. வயசானவங்க நாங்கதான் விடாம இருக்கோம்.”

“வயசானவங்கதான் எங்களுக்கு வேணும். விளக்கு வச்சப்புறம் ஒண்ணுமே சாப்பிட மாட்டீங்க, இல்ல?”

“ஒண்ணுமே சாப்பிட மாட்டோம்” என்று கூடமே சொன்னது.

“டீ?”

“டீ குடிப்போம்” என்றார் ஒரு பெண்மணி. “சீரியல் பாக்கறப்ப டீ இல்லாம எப்படி?”

“டீயோட முறுக்கு?”

“ரெண்டு கடிச்சுக்கறதுதான். அதெல்லாம் சாப்பாடு ஆவுமா?”

அதற்கு மேல் என்னை யாரும் பேச விடவில்லை. டீ சாப்பாடா இல்லையா என்று கூடம் இரண்டாகப் பிரிந்தது. பால் ஊற்றினால் சாப்பாடு என்றார் ஒருவர். அப்படியானால் மாத்திரை விழுங்கத் தண்ணீர் குடிப்பது என்ன கணக்கு என்றார் இன்னொருவர். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இதே சண்டையைத்தான் நாங்கள் ஆங்கிலத்தில் போடுகிறோம். முடிவு அங்கேயும் வரவில்லை.

“இப்படி இருந்தா எத்தினி வருசம் ஜாஸ்தி இருக்கலாம்?” என்று பார்சுவநாதன் கேட்டார்.

“எலிக்குக் கொஞ்சம் தெரியும். மனுஷனுக்கு இன்னும் தெரியாதுங்க. அதைத் தெரிஞ்சுக்கத்தான் உங்ககிட்ட வந்திருக்கேன்.”

“தெரியறதுக்குள்ள நாங்க போயிடுவோமே?” என்றார். கூடம் சிரித்தது. சிரித்த கையோடு ரத்தம் கொடுக்கச் சம்மதித்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் எனக்கு இலை போட்டுவிட்டார்கள். திரும்பும்போது ஏறிய ஷேர் வேனில் ஆட்களைவிட வேர்க்கடலை மூட்டை அதிகம். கீழ்பென்னாத்தூரை நெருங்கும்போது டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை. “ரெண்டும் ஒரே நாள்ல வாங்கினதுங்க, அதான் ஒண்ணா போயிடுச்சு” என்று ஓட்டுநர் விளக்கம் சொன்னார். ரோட்டோரத்தில் பச்சைக் கடலையை உரித்துத் தின்றபடி அடுத்த வண்டிக்குக் காத்திருந்தோம். வீடு வந்து சேர்ந்தபோது, தாழ் போட்டிருப்பேன், வந்து தட்டு என்று சொல்லி அனுப்பிய அண்ணன் வாசல் கதவைத் தாழிடாமலேயே தூங்கிவிட்டிருந்தார். கதவைத் தாழிட மறப்பவரையா தனியாக விட்டுவிட்டுப் போவது? சுஜாதாவிடம் என்ன சொல்வது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். படுத்த பிறகும் வெகுநேரம் மனசு ஆறவில்லை.

மறுநாள் காலையும் அதே நனைந்த சட்டை, அதே தடுமாற்றம். வெயில் ஏறியதும் தெளிந்துவிட்டார். “வா, உன் ஊர்க்காரங்கள காட்டறேன்” என்று செங்கம் ரோட்டுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனார். ரமணாசிரமத்துப் பக்கம் முழுக்க மாறிவிட்டது. நாங்கள் சைக்கிள் பழகிய புளியமரத்து ரோட்டில் இப்போது இலைச்சாற்றையும் பாதாம் பாலையும் விற்கும் காபி கடைகள். ஒன்றில் போய் உட்கார்ந்தோம். பக்கத்து மேஜையில் ஒரு ஜெர்மன் தம்பதி.

அந்தக் கணவர் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது: “பாஸ்போர்ட்டில் இருப்பது என் வயது அல்ல. பரிசோதனையில் என் செல்களின் வயது மிகவும் குறைவாக வந்திருக்கிறது.” மனைவி மெனு கார்டிலிருந்து தலையைத் தூக்காமல், “அப்படியானால் உன் செல்களிடம் அந்தப் பையைத் தூக்கச் சொல்” என்றார். நான் காபியைச் சிந்திவிட்டேன். மொழிபெயர்த்துச் சொன்னதும் அண்ணனும் விழுந்து விழுந்து சிரித்தார்.

பரிமாறும் இளைஞர் எங்களிடம் குனிந்து, “அந்த சார் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒண்ணும் தொட மாட்டாருங்க. தொட்டா மொபைல் கத்தும்” என்றார்.

“எங்கப்பா கத்துவாரு” என்றார் அண்ணன்.

காபி ஆறியது. அண்ணன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: “பத்மாவும் பொழுதோடதானே சாப்பிட்டா? ஒரு நாள் தவறல. அறுபதுகூட ஆவலயே. உன் எலி என்ன சொல்லுது?”

எத்தனையோ மேடைகளில் எவ்வளவோ கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். “எலி அண்ணியப் பத்தி ஒண்ணும் சொல்லாதுண்ணா” என்றேன். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். கூட்டமாக எடுத்துப் பார்த்தால்தான் எங்கள் படிப்பு பேசும். ஒருத்தியைக் காட்டிக் கேட்டால் ஊமையாகிவிடும். அந்த நேரத்தில் என் படிப்பின் மேல் எனக்கே கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்து, வழக்கம்போல் அஞ்சரைக்குச் சாப்பிட்டோம். இந்தத் தடவை வந்த பிறகு அன்றுதான் நான் எட்டு மணிக்கு அந்த வீட்டில் விழித்திருந்தேன்.

சுவர்க்கடிகாரம் எட்டு அடித்ததும் அண்ணன் எழுந்துபோய் பிரிட்ஜைத் திறந்தார். பால் பாக்கெட்டுக்குப் பின்னாலிருந்து பேனா மாதிரி இருந்த இன்சுலின் ஊசியை எடுத்து, சட்டையைத் தூக்கி, வயிற்றில் போட்டுக்கொண்டார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவது எனக்குத் தெரியும். இன்சுலின் என்று சுஜாதா சொல்லவில்லை. அவளுக்கே அவர் சொல்லியிருக்கவில்லை.

“இது எப்போலேர்ந்து?”

“ரெண்டு மாசமாச்சு. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.”

“ராத்திரி எட்டு மணிக்குன்னு டாக்டர் சொன்னாரா?”

“சொன்னாரே. ராத்திரி எட்டு மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னாடின்னாரு.”

“அண்ணா, நீதான் ராத்திரி சாப்பிடறதே இல்லையே!”

“அதான். நான் எங்க ராத்திரி சாப்பிடறேன்? மணிய மட்டும் பிடிச்சுக்கிட்டேன்.”

அவர் கையிலிருந்த ஊசியை வாங்கிப் பார்த்தேன். ஊரெல்லாம் எட்டரைக்கு இட்லி தின்னும் என்று நம்பி எழுதிக்கொடுத்த ஊசி. அது வந்து சேர்வதற்குள் இவர் சாப்பிட்டு முடித்து இரண்டரை மணி நேரம் ஆகிவிடுகிறது. ரத்தத்தில் இருக்கிற கொஞ்சச் சர்க்கரையையும் அது இரவெல்லாம் இழுத்துக்கொண்டிருக்கிறது. நனைந்த சட்டை, காலை மப்பு, தாழிடாத கதவு, வராத பெயர். வயது என்று மகள் நினைத்தாள், அவர் நினைத்தார், அதையே படிப்பாகப் படித்த நானும் நினைத்தேன்.

“அண்ணா, உடனே ஏதாவது சாப்பிடு. சர்க்கரை இறங்கிடும். உயிருக்கே ஆபத்து.”

“விளக்கு வச்சாச்சு சந்திரா.”

“இது மருந்து மாதிரிண்ணா!”

“அறுபத்தெட்டு வருஷமா வாயில போடல. உன் பேச்ச கேட்டு இன்னைக்கா போடுவேன்? தூங்கினா சரியாயிடும், போ.”

கெஞ்சினேன், திட்டினேன், அப்பா பேரைச் சொன்னேன். சாமி மேல் ஆணையிட்டேன். எதற்கும் அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஓடி, ஆட்டோ பிடித்து வரச் சொல்லிவிட்டு வந்து, சமையலறையைத் துழாவினேன். சர்க்கரை நோய்க்காரர் வீட்டில் சர்க்கரை எங்கே இருக்கும்? பூஜை அலமாரியில் கோயிலுக்கென்று வாங்கிவைத்த பொட்டலம் அகப்பட்டது. ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தபோது அண்ணன் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. டம்ளரை உதட்டில் வைத்தேன். பல்லை இறுக்கிக்கொண்டார்.

“குடிண்ணா. குடி.”

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் இருந்த பிடிவாதம் மெல்லத் தளர்ந்து, எனக்குப் பழக்கமில்லாத ஒரு மென்மை வந்தது. எனக்கு அவர் அப்படி ஒருபோதும் முகம் காட்டியதில்லை.

“பத்மா” என்றார். “பொழுது இருக்கா?”

ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிலாவை மேகம் மூடியிருந்ததால், மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத இருட்டு.

“இருக்குங்க” என்றேன். “இன்னும் பொழுது இருக்குங்க. குடிச்சிடுங்க.”

வாயைத் திறந்தார். சின்னப் பிள்ளைபோல் மடமடவென்று முழுவதும் குடித்தார்.

ஆட்டோ வந்தது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நினைவு நன்றாகத் திரும்பியதும் கையில் ஏறும் குழாயைப் பார்த்து, “இது வாய் வழியா இல்ல, பரவால்ல” என்றார். டீக்கு வாதாடிய அந்தக் கிராமத்துப் பெண்மணி நினைவுக்கு வந்தார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு.

ஊசி எழுதிக்கொடுத்த டாக்டர் மறுநாள் காலை வந்தார். சின்ன வயசுக்காரர். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“சார், ராத்திரி சாப்பிட மாட்டேன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?”

“நீங்க கேக்கலையே” என்றார் அண்ணன். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆபீஸ்ல எல்லாரும், ‘என்ன நயினாரே, கோழியோட அடையப் போறீரா’ன்னு கிண்டல் பண்ணுவாங்க. அதனால வெளில சொல்றத விட்டுட்டேன்.”

இத்தனை வருடம் இவர் சாயங்காலமானால் ஆபீஸிலிருந்து ஓடி வந்தது எனக்குத் தெரியும். எதைக் கேட்டுக்கொண்டு ஓடி வந்தார் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் அந்த ராத்திரி ஊசியை நிறுத்தி, அளவைக் குறைத்து, சாயங்காலச் சாப்பாட்டோடு சேர்த்து மாற்றிக் கொடுத்தார். அசாதாரணமாக வியர்த்தால் எந்த நேரமானாலும் சர்க்கரை வாயில் போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அதற்கு மட்டும் அண்ணன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த காலைகளில் சட்டை நனையவில்லை. சுஜாதா காரில் வந்து இறங்கியபோது அண்ணன் வாசலில் நின்று அவள் பெயரையும், அவள் மாமியார் பெயரையும், அவள் காலனி வாட்ச்மேன் பெயரையும் வரிசையாகச் சொல்லி வம்புக்கிழுத்தார். அவள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். வீட்டைப் பூட்டுகிற பேச்சு அதோடு நின்றது. கார் காலியாகவே திரும்பிப் போயிற்று.

நான் கிளம்ப வேண்டிய அன்று காலை இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். இட்லி, வேர்க்கடலைச் சட்னி. மலை மேல் வெயில் விழுந்து பளிச்சென்று இருந்தது. அண்ணன் ஓர் இட்லியைப் பிட்டவர் அப்படியே கையை நிறுத்தினார்.

“அன்னைக்கு ராத்திரி பத்மா வந்திருந்தா” என்றார்.

நான் தட்டைப் பார்த்தேன்.

“இங்கதான் நின்னா. பொழுது இருக்கான்னு கேட்டேன். இருக்குங்க, குடிச்சிடுங்கன்னா. அதான் குடிச்சேன்.”

இல்லாத ஒரு எண்ணை ஒரு தடவைகூட நான் என் ஆய்வில் எழுதியதில்லை. எலி சாப்பிட்ட நேரத்தை ஒரு நிமிஷம் மாற்றி எழுதினாலும் அது பொய் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சண்டை போடுகிறவள் நான். அன்று ராத்திரி மணி ஒன்பதை நெருங்கியிருந்தது. எனக்குத் தெரியும். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ பொய் சொல்ல மாட்டா, இல்ல சந்திரா?”

“சொல்ல மாட்டாங்கண்ணா” என்றேன். “அண்ணி பொய்யே சொல்ல மாட்டாங்க.”

அண்ணன் பிட்ட இட்லியை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சட்னி போடச் சொன்னார்.